எஃப்ஓபியா, எஃப்சிஏயா? ஏற்றுமதி ஒப்பந்தத்தில் ஒப்படைப்பு விதியைத் தேர்ந்தெடுக்கும் முறை

புதிதாக ஏற்றுமதியில் இறங்கும் ஒருவர் விலையைப் பற்றி வாரக்கணக்கில் பேரம் பேசுவார். துணியின் எடை, சாயம், லேபிள், அட்டைப்பெட்டியின் தடிமன் என்று ஒன்றையும் விடமாட்டார். விலைக்கு அடுத்து வரும் எஃப்ஓபி, எஃப்சிஏ போன்ற மூன்று எழுத்துகளை மட்டும் யாரோ கொடுத்த பழைய புரோஃபார்மா இன்வாய்ஸிலிருந்து (விற்பனைக்கு முன் தரும் விலைப்பட்டியல்) அப்படியே எடுத்து ஒட்டிவிடுவார். கண்டெய்னருக்குள் தண்ணீர் புகுந்தால் நஷ்டம் யாருக்கு, துறைமுகத்தில் சரக்கு மூன்று வாரம் தேங்கினால் வாடகை யாருக்கு, வெளிநாட்டு அரசு வரியை ஏற்றினால் யார் கட்டுவது என்பதெல்லாம் அந்த மூன்று எழுத்துகளுக்குள்தான் இருக்கிறது.

அவற்றின் பொருளை வரையறுப்பது பாரிஸில் இயங்கும் சர்வதேச வர்த்தக சபை. இன்கோடெர்ம்ஸ் என்ற பெயரில் 1936இல் முதல் தொகுப்பை வெளியிட்டார்கள். இப்போது வழக்கில் இருப்பது 2020 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த இன்கோடெர்ம்ஸ் 2020. அதில் பதினொரு விதிகள் இருக்கின்றன. எக்ஸ் ஒர்க்ஸ் (விற்பவரின் இடத்திலேயே ஒப்படைப்பு), எஃப்சிஏ (போக்குவரத்தாளரிடம் ஒப்படைப்பு), சிபிடி (சேருமிடம்வரை கட்டணம் விற்பவருடையது), சிஐபி (அதோடு காப்பீடும்), டிஏபி (சேருமிடத்தில் ஒப்படைப்பு), டிபியு (அங்கே இறக்கி ஒப்படைப்பு), டிடிபி (இறக்குமதி வரியும் கட்டி ஒப்படைப்பு) ஆகிய ஏழும் எந்த வகைப் போக்குவரத்துக்கும் பொருந்தும். எஃப்ஏஎஸ் (கப்பலின் பக்கத்தில் ஒப்படைப்பு), எஃப்ஓபி (கப்பலின் மேல் ஒப்படைப்பு), சிஎஃப்ஆர் (சேரும் துறைமுகம்வரை கப்பல் கட்டணம் விற்பவருடையது), சிஐஎஃப் (அதோடு காப்பீடும்) ஆகிய நான்கும் கடல் வழிக்கும் உள்நாட்டு நீர்வழிக்கும் மட்டும் உரியவை. இந்த ஏழு, நான்கு என்ற பிரிவைக் கவனிக்காததால் வரும் வம்புதான் இந்தத் தொழிலில் மிக அதிகம்.

இவை சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதினால்தான் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். எழுதினாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பொருளின் உரிமை எப்போது கைமாறுகிறது, பணம் எப்போது, எப்படி வரவேண்டும், தரம் சரியில்லை என்றால் என்ன செய்வது, வழக்கு எந்த ஊரில் என்பதற்கெல்லாம் இன்கோடெர்ம்ஸில் பதில் கிடையாது. இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையென்றால், உரிமை யாரிடம் இருக்கிறதோ சேதப் பொறுப்பும் அவரிடமே என்கிறது. ஒப்படைப்பு விதியோடு உரிமை மாறும் நேரத்தையும் தனியாக ஒரு வரியில் எழுதிவிட்டால் பின்னால் இந்தக் குழப்பம் வராது.

சரக்கின் பாதையைத் தாளில் எழுதுங்கள்

விதியைத் தேடுவதற்கு முன் செய்யவேண்டியது இது. ஒரு சரக்கைக் கற்பனை செய்துகொள்வோம். கரூரில் நெய்த டெர்ரி துண்டுகள், ஒரு கண்டெய்னர், மதிப்பு 40,000 டாலர், போகுமிடம் ஜெர்மனியின் ஹாம்பர்க். அதன் பாதை இப்படி இருக்கும்: கரூர் தொழிற்கூடத்தில் லாரியில் ஏற்றம், தூத்துக்குடியில் சிஎஃப்எஸ் எனப்படும் கண்டெய்னர் சரக்கு நிலையம், வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தின் டெர்மினல் வாயில், கொழும்பு வரை ஃபீடர் எனும் சிறிய கப்பல், அங்கிருந்து பெரிய கப்பல், ஹாம்பர்க் டெர்மினல், ஜெர்மன் சுங்கம், கடைசியாக வாங்குபவரின் கிடங்கு.

ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே மூன்று கேள்விகளை எழுதுங்கள். இங்கே செலவு யாருடையது? இங்கே சேதமானால் நஷ்டம் யாருடையது? இங்கே தாக்கல் செய்யவேண்டிய ஆவணம் யார் பெயரில் இருக்கவேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதியபின் எந்த விதி பொருந்துகிறது என்று பாருங்கள். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். விதியை முதலில் எழுதிவிட்டு, பிரச்சினை வந்தபின் அதற்கு அர்த்தம் தேடுகிறார்கள்.

பதில் எழுதும்போது விருப்பத்தைவிட உங்களால் எது முடியும் என்பதைப் பாருங்கள். ஹாம்பர்க் சுங்கத்தில் உங்களுக்கு ஆள் உண்டா? தூத்துக்குடியில் சுங்க வேலையைப் பார்க்கும் உங்கள் கிளியரிங் ஏஜென்ட் கப்பல் கம்பெனியிடம் நல்ல கட்டணம் வாங்கித் தருவாரா? ஆள் இல்லாத ஊரில் பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

கண்டெய்னருக்கு எஃப்ஓபி ஏன் சரிவராது

இந்தியாவில் ஏற்றுமதி என்றாலே வாய் தானாக எஃப்ஓபி என்று சொல்லும். அதற்குக் காரணம் இருக்கிறது. ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில் எஃப்ஓபி மதிப்பு, அதாவது கப்பலேறும்வரையான மதிப்பு, கேட்கிறார்கள். கட்டிய வரிகளை ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தரும் டிராபேக், ரோடெப் போன்ற ஊக்கத்தொகைகளின் கணக்கிலும் எஃப்ஓபி மதிப்பே பேசப்படுகிறது. நாட்டின் ஏற்றுமதிப் புள்ளிவிவரமும் அந்த மதிப்பில்தான் வெளியாகிறது. எல்லா இடத்திலும் அந்தச் சொல்லையே பார்ப்பதால் ஒப்பந்தத்திலும் அதுவே வந்து உட்கார்ந்துவிடுகிறது. சுங்கத்துக்குக் காட்டும் எஃப்ஓபி மதிப்பு என்பது ஒரு தொகை. ஒப்பந்தத்தில் எழுதும் எஃப்ஓபி என்பது ஒரு கடமை. முன்னது தேவை என்பதற்காகப் பின்னதை ஏற்கவேண்டியதில்லை. எஃப்சிஏ ஒப்பந்தத்துக்கும் எஃப்ஓபி மதிப்பைக் கணக்கிட்டு ஷிப்பிங் பில் போட உங்கள் கிளியரிங் ஏஜென்டுக்குத் தெரியும்.

எஃப்ஓபியில் விற்பவரின் பொறுப்பு, வாங்குபவர் குறித்துக் கொடுத்த கப்பலின் மீது சரக்கு ஏறிய நொடியில் முடிகிறது. கிரேன் கொக்கியில் மூட்டைகளைத் தூக்கி, விற்பவரின் ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே கப்பலில் இறக்கிய காலத்துக்கு இது பொருத்தமான விதி. மொத்தமாக ஏற்றும் நிலக்கரிக்கும் கோதுமைக்கும் இன்றும் பொருந்தும். கண்டெய்னரின் கதை வேறு. கரூரிலோ சிஎஃப்எஸ்ஸிலோ சீல் வைத்து டெர்மினல் வாயிலைத் தாண்டிவிட்டால் அதன்பின் அதை நீங்கள் தொடமுடியாது, பார்க்கவும் முடியாது. அது கப்பல் கம்பெனியின் காவலில் கிடக்கும். அந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தவர் வாங்குபவர். ஒப்புக்கொண்ட ஏற்றும் காலத்துக்குள் கப்பல் நான்கு நாள் பிந்தி வந்தால் அந்த நான்கு நாளும் சேதப் பொறுப்பு உங்களுடையது. டெர்மினலில் இன்னொரு கண்டெய்னர் உங்கள் கண்டெய்னர் மீது மோதி ஓட்டை விழுந்தாலும் உங்கள் நஷ்டம்தான். நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவரின் காவலில், உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத நாட்களுக்கு, நீங்கள் பொறுப்பாளி ஆகிறீர்கள். டெர்மினலில் ஒப்படைக்கும் கண்டெய்னர் சரக்குக்கு எஃப்ஓபி பொருந்தாது, எஃப்சிஏ போடுங்கள் என்று சர்வதேச வர்த்தக சபையே தன் விளக்கக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு.

எஃப்சிஏயில் சரக்கை வாங்குபவரின் போக்குவரத்தாளரிடம் ஒப்படைத்ததும் உங்கள் பொறுப்பு தீர்ந்தது. ஏற்றுமதிச் சுங்க வேலை உங்களுடையதாகவே இருக்கும். இரண்டு வகையாக எழுதலாம். உங்கள் தொழிற்கூடத்தையே ஒப்படைக்கும் இடமாக எழுதினால், வாங்குபவர் அனுப்பும் லாரியில் ஏற்றிக் கொடுப்பது உங்கள் வேலை. தூத்துக்குடி சிஎஃப்எஸ் என்று எழுதினால், உங்கள் லாரியில் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்து இறக்கத் தயாராக நின்றால் போதும், இறக்குவது அவர்கள் பாடு. டெர்மினல் கையாளும் கட்டணம் யாருக்கு என்பது இந்த இடத்தைப் பொறுத்து மாறும். விலை சொல்வதற்கு முன், சரக்குப் போக்குவரத்தை ஏற்பாடு செய்துதரும் உங்கள் ஃபார்வர்டரிடம் அந்தத் தொகையைக் கேட்டு, எஃப்ஓபி விலை ஒன்று, எஃப்சிஏ விலை ஒன்று என இரண்டையும் வாங்குபவரின் முன் வையுங்கள். விலை குறைந்திருப்பதைப் பார்த்தே பலர் எஃப்சிஏக்குச் சம்மதிப்பார்கள்.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு ஒன்று உண்டு: "எல்சியில் சரக்கு கப்பலேறியதாக முத்திரையிட்ட பில் ஆஃப் லேடிங் கேட்கிறார்கள், எஃப்சிஏயில் அது கிடைக்காதே?" நியாயமான கவலை. எல்சி என்பது வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதம், பில் ஆஃப் லேடிங் என்பது சரக்குக்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணம். எல்சி நடைமுறையை ஆளும் யுசிபி 600 விதிகளின்படி பில் ஆஃப் லேடிங்கில் சரக்கு கப்பலேறியது தெரியவேண்டும். எஃப்சிஏயிலோ ஒப்படைப்பு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இந்த முடிச்சை அவிழ்க்கவே 2020 பதிப்பில் ஒரு வழி சேர்த்தார்கள். கப்பலேறிய குறிப்புடன் பில் ஆஃப் லேடிங்கை விற்பவருக்குக் கொடுக்கும்படி வாங்குபவர் தன் கப்பல் கம்பெனிக்கு உத்தரவிடவேண்டும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளலாம். இது தானாக வராது, ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. எழுத மறந்தவர் ஆவணங்களோடு வங்கியில் போய் நிற்கும்போதுதான் அதை உணர்வார்.

வாங்குபவர் எஃப்ஓபிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் ஆர்டரை விடச் சொல்லமாட்டேன். மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்பலின் பெயரையும் தேதியையும் இத்தனை நாளுக்கு முன் அவர் தெரிவிக்கவேண்டும். ஒப்புக்கொண்ட தேதிக்குப் பின் கப்பல் வராத நாட்களின் வாடகையும் மற்றச் செலவும் அவருடையது. கரூர் கிடங்கிலிருந்து கப்பலின் மேல்தளம் வரைக்கும் நீங்கள் ஒரு காப்பீடு எடுங்கள், ஏனென்றால் அவருடைய காப்பீடு பெரும்பாலும் சரக்கு கப்பலேறிய பிறகே தொடங்கும்.

விமானத்தில் போகும் சரக்குக்கு 'எஃப்ஓபி சென்னை விமான நிலையம்' என்று எழுதுபவர்களைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. எஃப்ஓபி கப்பலுக்கான விதி. விமானத்துக்கு எஃப்சிஏ.

அமெரிக்க வாங்குபவர் எஃப்ஓபி என்றால் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். அங்கே உள்நாட்டு வணிகத்தில் எஃப்ஓபிக்கு வேறு பொருள் உண்டு. லாரிக்கும் ரயிலுக்கும்கூட அதைப் பயன்படுத்துவார்கள், சேருமிடத்தின் பெயரையும் பக்கத்தில் எழுதுவார்கள். 'எஃப்ஓபி டல்லாஸ்' என்று அவர் எழுதினால், டல்லாஸ் கிடங்குவரை கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு உங்களுடையது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

செலவு ஒரு ஊர்வரை, பொறுப்பு வேறு ஊர்வரை

சிஎஃப்ஆர், சிஐஎஃப், சிபிடி, சிஐபி ஆகிய நான்கும் 'சி' விதிகள். புதியவர்கள் மிகவும் தடுமாறுவது இங்கேதான், வாங்குபவர்களும் சேர்ந்தே தடுமாறுகிறார்கள். 'சிஎஃப்ஆர் ஹாம்பர்க்' என்றால் ஹாம்பர்க் வரையான கப்பல் கட்டணம் உங்களுடையது. சேதப் பொறுப்போ தூத்துக்குடியில் கப்பலேறியதுமே வாங்குபவருக்குப் போய்விடுகிறது. விலையின் பக்கத்தில் ஹாம்பர்க் என்ற ஒரே பெயர் இருப்பதால் சரக்கு அங்கே வந்து சேரும்வரை எல்லாம் விற்பவர் பொறுப்பு என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார்.

இதிலிருந்து இரண்டு தவறுகள் முளைக்கின்றன. முதலாவது தேதி. 'சிஎஃப்ஆர் ஹாம்பர்க், டெலிவரி ஜூன் 30க்குள்' என்று எழுதினால், விதிப்படி ஜூன் 30க்குள் தூத்துக்குடியில் கப்பலேற்றினால் போதும். ஜூன் 30க்குள் ஹாம்பர்க்கில் வேண்டும் என்று வாங்குபவர் நினைத்திருப்பார். டெலிவரி தேதி என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், கப்பலேற்றும் கடைசித் தேதி என்று எழுதுங்கள். இரண்டாவது, விதியை ஒட்டுப்போடுவது. 'சிஐஎஃப் ஹாம்பர்க்' என்று மேலே எழுதிவிட்டு, 'சரக்கு ஹாம்பர்க்கில் நல்ல நிலையில் இறங்கும்வரை பொறுப்பு விற்பவருடையது' என்று கீழே ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த ஒரு வரி சிஐஎஃப்பின் அடித்தளத்தையே உடைக்கிறது. வழக்கு என்று வந்தால் எது செல்லும் என்பதை வக்கீல்கள் மாதக்கணக்கில் பேசுவார்கள். சேருமிடம்வரை பொறுப்பு வேண்டும் என்றால் அதற்கென்று டிஏபி இருக்கிறது. அதைப் போட்டு, அதற்கேற்ற விலையையும் கேளுங்கள்.

பொறுப்பு எங்கே மாறுகிறது என்பதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று தோன்றுகிறவர்கள் 2021ஐ நினைத்துப் பார்க்கவேண்டும். அந்த ஆண்டு மார்ச் 23ஆம் தேதி எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியது. 29ஆம் தேதிதான் மீட்டார்கள். அடுத்து கப்பலின் உரிமையாளர் பொதுச் சராசரி அறிவித்தார். கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைக் கப்பல்காரரும், அதில் சரக்கு வைத்திருந்த அத்தனை பேரும் மதிப்புக்கு ஏற்றபடி பகிர்ந்துகொள்ளும் பழைய கடல் வழக்கம் அது. தன் துண்டுகளில் ஒரு நூல்கூட அறுந்திருக்காத வணிகரும் உத்தரவாதம் கொடுத்தால்தான் சரக்கை எடுக்கமுடியும். காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்த உத்தரவாதத்தைக் கொடுக்கும். இல்லாதவர் ரொக்கமாக முன்பணம் கட்டவேண்டும். அதே ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து ஜூனில் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் 1,486 கண்டெய்னர்கள் இருந்தன. தூத்துக்குடிச் சரக்கு பெரும்பாலும் கொழும்பு வழியாகவே போகிறது என்பதால் அதை யாரோ ஒருவருடைய விபத்தாக எண்ணவேண்டாம்.

இன்னொரு சிக்கலும் இதில் இருக்கிறது. சிஎஃப்ஆர் விதிப்படி சேதப் பொறுப்பு ஹாம்பர்க்காரருடையதுதான். ஆனால் நீங்கள் அவருக்கு 60 நாள் கடன் கொடுத்திருக்கிறீர்கள், அவர் காப்பீடும் எடுக்கவில்லை. சரக்கு கடலில் போனபின் அவர் பணம் தருவாரா? சட்டம் உங்கள் பக்கம் இருக்கும், பணம் வராது. கடனுக்கு விற்பவர் எஃப்ஓபியிலும் சிஎஃப்ஆரிலும்கூட, வாங்குபவர் கைவிட்டால் தனக்கு உதவும் கன்டின்ஜென்சி காப்பீட்டை எடுத்துக்கொள்வது நல்லது.

கப்பல் கட்டணம் ஏறினால் 'சி' விதிகளில் அடி விற்பவருக்கு. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியபின், சூயஸ் வழியை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனார்கள். ஐரோப்பாவுக்கான கண்டெய்னர் கட்டணம் சில வாரங்களில் பல மடங்கானது. மூன்று மாதத்துக்கு முன்பே சிஎஃப்ஆர் விலை கொடுத்து, கட்டணம் மாறினால் விலை மாறும் என்று எழுதாதவர்களின் லாபம் அத்தனையும் கப்பல் கட்டணத்துக்கே போனது. விலைக்கு ஒரு காலக்கெடு போடுங்கள். கூடுதல் கட்டணம் யாருக்கு என்பதையும் எழுதுங்கள்.

இரண்டு ஓரங்கள்: எக்ஸ் ஒர்க்ஸும் டிடிபியும்

வேலை குறைவு என்று நினைத்து எக்ஸ் ஒர்க்ஸைத் தேர்ந்தெடுப்பார்கள். வாங்குபவரைக் கவர்வதற்காக டிடிபியைத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் ஆர்டரில் இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து.

எக்ஸ் ஒர்க்ஸில் லாரியில் ஏற்றுவதுகூட விற்பவரின் கடமை இல்லை. ஏற்றுமதிச் சுங்க வேலையும் வாங்குபவருடையது. ஹாம்பர்க்காரர் இந்தியச் சுங்கத்தில் எப்படி ஷிப்பிங் பில் போடுவார்? அவரிடம் இந்திய ஏற்றுமதி இறக்குமதி எண் கிடையாது. கடைசியில் உங்கள் பெயரில், உங்கள் எண்ணில்தான் போடவேண்டிவரும். ஏற்றுவதும் உங்கள் ஆட்கள்தான். ஆக வேலை முழுவதும் உங்களுடையது, அதற்கான விலையும் உரிமையும் ஒப்பந்தத்தில் இல்லை. ஜிஎஸ்டியும் பின்னாலேயே வரும். எல்யுடி எனும் உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் ஏற்றுமதி செய்பவர், இன்வாய்ஸ் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரக்கு நாட்டைவிட்டு வெளியேறியதாகக் காட்டவேண்டும், இல்லையென்றால் வரியை வட்டியோடு கட்டவேண்டும். வாங்குபவரின் ஃபார்வர்டர் சரக்கை எங்கோ ஒரு கிடங்கில் போட்டுவைத்திருந்தால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். எக்ஸ் ஒர்க்ஸ் கேட்பவரிடம், உங்கள் தொழிற்கூடத்தையே இடமாகப் போட்டு எஃப்சிஏ கொடுங்கள். அவர் எதிர்பார்ப்பதெல்லாம் அதிலேயே கிடைத்துவிடும்.

டிடிபியில் அந்த நாட்டின் இறக்குமதி வரி, சுங்க வேலை எல்லாமே உங்கள் தலையில். வரி என்பது நீங்கள் பேரம் பேசமுடியாத செலவு. அதே துண்டுகள் ஹாம்பர்க்குக்குப் பதிலாக அமெரிக்காவுக்கு டிடிபியில் போனதாக வைத்துக்கொள்வோம். டெர்ரி துண்டுகளுக்கு அங்கே வழக்கமான வரி 9.1 சதவிகிதம். 2025 ஜூலையில் இந்தியப் பொருட்களுக்குக் கூடுதலாக 10 சதவிகிதம் இருந்தது. மொத்தம் 19.1 சதவிகிதம் என்று கணக்குப் போட்டால், 40,000 டாலர் மதிப்புக்கு வரி 7,640 டாலர். ஆகஸ்ட் 27 முதல் கூடுதல் வரி 50 சதவிகிதம் ஆனது. ஜூலையில் கையெழுத்திட்டு செப்டம்பரில் கப்பலேற்றியவருக்கு வரி 23,640 டாலர். கூடிய 16,000 டாலரை வாங்குபவரிடம் கேட்க டிடிபியில் வழியே இல்லை. அதே ஒப்பந்தம் எஃப்சிஏயிலோ டிஏபியிலோ இருந்திருந்தால் அந்தத் தொகையைக் கட்டும் கடமை வாங்குபவருடையது. அவர் தள்ளுபடி கேட்டிருப்பார்தான். பேசிப் பாதியைச் சுமப்பதற்கும் முழுவதையும் சுமப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஐரோப்பாவில் வேறு தொல்லை. டிடிபியில் விற்பவருக்கு அங்கே ஈஓஆர்ஐ எனும் சுங்கப் பதிவு எண்ணும், அங்கே உள்ள பிரதிநிதியும் தேவைப்படும். ஜெர்மனியில் இறக்குமதியின்போது 19 சதவிகித மதிப்புக்கூட்டு வரியும் உண்டு. அங்கே பதிவு செய்த வாங்குபவர் கட்டினால் தன் கணக்கில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார். பதிவில்லாத நீங்கள் கட்டினால் திரும்பப் பெறுவது பெரும்பாடு. வாசல்வரை கொண்டுவந்து தரவேண்டும் என்று அவர் கேட்டால் டிஏபி போதும்: கிடங்குவரை போக்குவரத்து உங்களுடையது, சுங்கமும் வரியும் அவருடையது. இறக்கிவைப்பதும் உங்கள் வேலை என்றால் டிபியு. பதினொரு விதிகளில் சேருமிடத்தில் இறக்கிக் கொடுக்கும் கடமை விற்பவருக்கு இருப்பது டிபியுவில் மட்டும்தான். ஹாம்பர்க்கில் ஆள் வைத்து இறக்க முடியாதவர் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

காப்பீடு எடுப்பது யார்?

பதினொன்றில் இரண்டே விதிகள்தான் காப்பீட்டைக் கட்டாயமாக்குகின்றன, சிஐஎஃப், சிஐபி. மற்ற ஒன்பதிலும் யாரும் எடுக்காமல் விட்டாலும் ஒப்பந்தத்தை மீறியதாக ஆகாது. அவர் எடுத்திருப்பார் என்று இவரும், இவர் எடுத்திருப்பார் என்று அவரும் இருந்துவிடுகிறார்கள்.

அந்த இரண்டிலும் தொகை ஒப்பந்த விலையின் 110 சதவிகிதத்துக்குக் குறையக்கூடாது. சிஐஎஃப் விலை 43,000 டாலர் என்றால் 47,300 டாலருக்கு எடுக்கவேண்டும். காப்பீட்டின் தரத்தில் இரண்டும் வேறுபடுகின்றன. சிஐஎஃப்புக்கு இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸஸ் எனும் நிலையான காப்பீட்டு விதிகளின் 'சி' வகை போதும். சிஐபிக்கு 2020 பதிப்பிலிருந்து 'ஏ' வேண்டும். 'சி' வகையில் தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல், லாரி கவிழ்தல் போன்ற பெரிய விபத்துகள் மட்டும் அடங்கும். திருட்டும் மழைநீரும் அதில் இல்லை. ஜவுளிக்கு உண்மையான பகை ஈரமும் திருட்டும்தான். சிஐஎஃப் என்றே ஒப்பந்தம் போட்டாலும் 'ஏ' வகை காப்பீடு என்று ஒரு வரி சேர்க்கலாம். போரும் வேலைநிறுத்தமும் 'ஏ'யிலும் அடங்காது, அவற்றைத் தனியாகச் சேர்த்து வாங்கவேண்டும்.

பணம் வரும் வழியோடு பொருத்திப் பாருங்கள்

எஃப்ஓபியிலும் எஃப்சிஏயிலும் ஃபார்வர்டரை நியமிப்பவர் வாங்குபவர். அவருக்குக் கட்டுப்பட்டவர் கையில் உங்கள் சரக்கு இருக்கும். முன்பணமோ எல்சியோ இருந்தால் கவலை குறைவு. பழக்கமில்லாத வாங்குபவருக்குக் கடனில் விற்கும்போது பில் ஆஃப் லேடிங் யார் பெயரில், யார் கையெழுத்தில் வருகிறது என்று பாருங்கள். கப்பல் கம்பெனி கொடுப்பதும் ஃபார்வர்டர் கொடுப்பதும் ஒரே பலம் கொண்டவை இல்லை. சரக்கைப் பெற்றுக்கொண்டேன் என்று ஃபார்வர்டர் தரும் வெறும் ரசீது உரிமை ஆவணமே ஆகாது. அசல் பில்லை வாங்காமலே சரக்கை விடுவித்துவிட்டு ஃபார்வர்டர் கடையை மூடிக்கொண்டு போன கதைகளை எந்தத் துறைமுக ஊரிலும் கேட்கலாம். பணத்துக்குப் பாதுகாப்பு குறைவு என்றால், கப்பலை நீங்கள் அமர்த்தும் 'சி' விதி ஒன்றுக்குப் போவதில் நியாயம் இருக்கிறது.

விதியை எழுதும் முறை

விதியின் பெயர், துல்லியமான இடம், நாடு, பதிப்பின் ஆண்டு என்ற வரிசையில் நான்கும் வேண்டும். 'எஃப்சிஏ தூத்துக்குடி' என்று எழுதினால் எந்த சிஎஃப்எஸ், டெர்மினல் வாயிலா, உள்ளேயா என்று கேள்வி எழும். முகவரியோடு எழுதி, 'இன்கோடெர்ம்ஸ் 2020' என்று முடியுங்கள். 'சி' விதிகளில் சேருமிடம் மட்டும் எழுதுவது வழக்கம். பொறுப்பு மாறும் இடத்தையும், அதாவது ஏற்றும் துறைமுகத்தையும் சேர்த்து எழுதினால் முன்பு சொன்ன தடுமாற்றம் வாங்குபவருக்கு வராது.

பழைய படிவங்களைத் தூசு தட்டுங்கள். 'சி அண்டு எஃப்' 1990 பதிப்பிலேயே சிஎஃப்ஆர் ஆகிவிட்டது. டிஏடி என்ற பழைய விதி 2020இல் போய், அதன் இடத்தில் டிபியு வந்தது. பர்சேஸ் ஆர்டரில் ஒரு விதி, புரோஃபார்மாவில் ஒரு விதி, எல்சியில் ஒரு விதி என்று இருந்தால் வங்கி ஆவணங்களைத் திருப்பி அனுப்பும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

இறக்குமதி செய்பவர்களுக்குச் சில வரிகள்

இதுவரை சொன்னதை இறக்குமதியாளர் எதிர்ப்பக்கத்திலிருந்து வாசிக்கவேண்டும். சீனாவிலிருந்து சிறிய இயந்திரம் வாங்குபவருக்கு 'சிஐஎஃப் சென்னை' இனிப்பாகத் தெரியும், எல்லாம் சேர்த்து ஒரே விலை. கண்டெய்னரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் எல்சிஎல் சரக்கில்தான் அதன் கசப்பு தெரியும். விற்பவர் அமர்த்திய ஃபார்வர்டர் அங்கே கட்டணத்தை மிகக் குறைத்துக் காட்டுவார். குறைத்ததை டெலிவரி ஆர்டர் கட்டணம், கையாளும் கட்டணம் என்று பல பெயர்களில் சென்னையில் உங்களிடம் வசூலிப்பார். சரக்கு அவர் கையில் இருப்பதால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். சீன விற்பவரின் நகரத்தை இடமாகப் போட்டு எஃப்சிஏயில் வாங்கி, உங்கள் ஃபார்வர்டரை நீங்களே அமர்த்திக்கொள்ளுங்கள். இரண்டு முனைக் கட்டணங்களையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடலாம்.

அப்படி வாங்கும்போது கப்பல் கட்டண ரசீதையும் காப்பீட்டு ரசீதையும் பத்திரமாக வையுங்கள். இந்தியச் சுங்கம் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த மதிப்பின் மீதே வரி போடுகிறது. கட்டணம் எவ்வளவு என்று காட்டமுடியாவிட்டால், 2007ஆம் ஆண்டு சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி எஃப்ஓபி மதிப்பில் 20 சதவிகிதத்தைக் கப்பல் கட்டணமாகவும் 1.125 சதவிகிதத்தைக் காப்பீடாகவும் சேர்த்துக்கொள்வார்கள். உண்மையில் கொடுத்தது ஐந்தோ ஆறோ சதவிகிதமாக இருந்தாலும் ரசீது இல்லையென்றால் இருபதுக்கு வரி கட்டவேண்டும்.